எழுந்து வா என்று யாரும் சொல்லாத இடம்

படிக்க உனக்குப் பிடித்த இடம் எது என்ற கேள்வி பார்வைக்குச் சாதுவானது. பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்பாக வரும், எழுத்தாளர் நேர்காணலில் வரும். பதில்களும் பழகியவை: ஜன்னலோரம், மொட்டைமாடித் தொட்டியின் நிழல், வேப்பமரத்தடி, நூலகத்தின் கடைசி மேசை. காஞ்சிபுரத்துக்காரரானால் கோயில் மண்டபமும் குளத்துப் படியும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். இந்தப் பதில்களைக் கேட்கக் கேட்க ஏதோ ஒன்று உறுத்துகிறது. உறுத்தல் ‘பிடித்த’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். அந்த ஊரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி போட்ட வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்னறையைத் தறி பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் குழி, குழிக்குள் மிதி, விளிம்பில் உட்காரும் பலகை, அறையின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவு. வீட்டு மனிதர்கள் அதைச் சுற்றித்தான் போய்வர வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழுமோ அந்தப் பக்கம் தறி. மின்விளக்கும் தறிக்கு நேர்மேலே தொங்கும், இழை தெரிய வேண்டுமல்லவா. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிவதற்கான வெளிச்சம் அது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய், உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் விருப்பம் என்பதையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கண்ணால் கற்பவர், ஒருவர் காதால், ஒருவர் கையால். அவரவர் வழியில் சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்ற நம்பிக்கை நம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. 2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, இந்த நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். மனிதர்களுக்கு விருப்பம் உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விருப்பத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுத்தால் கற்றல் கூடுகிறது என்பதைத்தான் யாரும் நிறுவவில்லை. இடத்தைப் பற்றிய சோதனை இதைவிடப் பழையது. 1978இல் ஸ்மித், கிளென்பெர்க், பியோர்க் மூவரும் ஒரே சொற்பட்டியலைச் சிலருக்கு ஒரே அறையில் இருமுறையும், சிலருக்கு இரண்டு வெவ்வேறு அறைகளில் ஒவ்வொரு முறையாகவும் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் வேறோர் இடத்தில் உட்காரவைத்துக் கேட்டபோது, அறை மாறிப் படித்தவர்களுக்கே அதிகச் சொற்கள் நினைவிலிருந்தன. ஆக, நமக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொண்டு அங்கே மட்டுமே படிப்பது என்ற பழக்கம் நினைவுக்கு உதவுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அந்த மூலையை மனம் விடுவதில்லை. நினைவாற்றலுக்கு அப்பால் வேறெதையோ அந்த மூலை தருகிறது.

அமைதியைத் தருகிறது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அமைதிக்கும் படிப்புக்கும் நம் ஊரில் அவ்வளவு பழைய உறவு கிடையாது. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் வருகிறார்கள். அவற்றில் தமிழ் வழங்கிய மாவட்டங்களின் பள்ளிகளில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளின் வகையைச் சேர்ந்தவை. திண்ணை தெருவைப் பார்த்தது. மாடு போகும், வண்டி போகும், தயிர்க்காரி குரல் கொடுப்பாள். அதற்கு நடுவில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்ல, சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல, பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் குழிமாற்றும் வாயிலும் காதிலும் ஏறின. அது இரைச்சலில் நடந்த படிப்பு. சொல்லப்போனால் இரைச்சலையே கருவியாகக் கொண்ட படிப்பு. வேத பாடசாலைக்கும் இது பொருந்தும், மதரசாவுக்கும் பொருந்தும். வாய்மூடி, தனியே, ஓர் அறைக்குள் படிப்பது அச்சுப் புத்தகமும் தேர்வுத்தாளும் நம் மீது வைத்த பழக்கம். தறியின் தடதடப்புக்கு அருகே படிப்பவரும் சில நாட்களில் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவார். ஒரே சீராக வரும் ஒலியைக் காது தள்ளிவிடும். காது தள்ளாத ஒலி ஒன்று உண்டு. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல். “இங்க கொஞ்சம் எழுந்து வா” என்ற நான்கு சொற்கள் ஒரு பக்கத்தை உடைப்பது போல எந்தப் பேரொலியும் உடைப்பதில்லை. கூப்பிடுவதற்கு முன்பே, எப்போதும் கூப்பிடலாம் என்ற எதிர்பார்ப்பே பாதிக் கவனத்தைத் தின்றுவிடுகிறது. படிக்க உகந்த இடம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது, கொஞ்ச நேரத்துக்கு எழுந்து வா என்று நம்மிடம் யாரும் சொல்ல முடியாத இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னலும் வேம்பும் அதற்கு அடையாளங்கள்.

இதற்கு நல்ல சான்று காஞ்சிபுரத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திரச் சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலின் ஜனநாத மண்டபத்தில் நடந்த பள்ளிக்கும், அதன் விடுதிக்கும், வீரசோழன் என்ற பெயர் தாங்கிய 15 படுக்கை ஆதுலர்சாலை என்ற மருத்துவமனைக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அது வரிவரியாக ஒதுக்குகிறது. விடுதியில் உண்டவர்கள் 60 பேர். என்ன படித்தார்கள் என்பதை விட என்னென்ன கொடுக்கப்பட்டது என்பதுதான் மனதைப் பிடித்து நிறுத்துகிறது. சாப்பாடு. படுக்கப் பாய். சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய். இரவில் விளக்குக்கு எண்ணெய். உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவர், மருந்து, கவனித்துக்கொள்ளப் பெண்கள். படிப்பவனின் உடம்பு எந்தெந்த வழியாக அவனைப் பாடத்திலிருந்து எழுப்பும் என்று யாரோ நிதானமாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பசி எழுப்பும், உடற்சூடு எழுப்பும், காய்ச்சல் எழுப்பும், இருட்டு எழுப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவினத்தை எழுதிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அறையின் அழகைப் பற்றியோ ஆற்றங்கரைக் காற்றைப் பற்றியோ அதில் பேச்சில்லை. இத்தனைக்கும் மூன்று ஆறுகள் கூடும் இடம் அது. இடம் என்பதை அந்தக் கல்வெட்டு நெல்லாகவும் எண்ணெயாகவும் எழுதுகிறது. படிப்பின் சூழல் பற்றி இன்று அச்சாகும் எத்தனையோ அறிவுரைகளை விட அது நேர்மையானது.

காஞ்சியின் பழைய கல்விக்கூடமான கடிகையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இந்த ஊரின் கல்விப் பெருமையைப் பேசுகிற எல்லோரும் கடிகையைச் சொல்கிறார்கள். ஆனால் இதுதான் கடிகை என்று காட்ட ஒரு கட்டடம் நம்மிடம் இல்லை. இருப்பவை சொற்கள். கர்நாடகத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மனுடன் பல்லவர் தலைநகருக்கு வந்து கடிகையில் சேர்ந்ததைச் சொல்கிறது. அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு மூண்ட சச்சரவில் அவமானப்பட்டு, தர்ப்பையும் சமித்தும் பிடித்த கையில் வாளை எடுத்தான். கதம்ப அரசு அப்படிப் பிறந்தது. வரலாற்று நூல்கள் இதை ஓர் அரசின் தோற்றக் கதையாகப் படிக்கின்றன. நான் இதில் படிப்பு முறிந்த ஒரு மாணவனைப் பார்க்கிறேன். குதிரையில் வந்தவன் ஒருவன் எழுப்பிவிட முடிந்திருக்கிறது என்றால், தென்னாட்டின் பெயர்பெற்ற கல்விக்கூடத்தில்கூட அந்தக் காப்பு அவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கிறது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே ஊரைக் கைப்பற்றிய சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுக்காமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைக் கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டிவைத்தான். அந்த எழுத்தை அழிப்பவர்கள், இந்த ஊர்க் கடிகையாரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று அது சபிக்கிறது. பகைநாட்டு மன்னனின் கல்வெட்டு, நினைத்துப் பார்க்கக்கூடிய பெரும்பாவங்களில் ஒன்றாக இதை வைக்கிறது. அதிலும் கடிகையை இடித்தவர் என்று இல்லை, கடிகை மக்களைக் கொன்றவர் என்றே வருகிறது. கடிகை என்பது ஆட்கள். அவர்கள் மீது கைவைக்கக் கூடாது என்ற ஒப்பந்தம். சுவரும் கூரையும் அதற்குப் பிறகு.

இதற்கு எதிராக எழும் குரல் எல்லோருக்கும் தெரிந்தது. படிக்க நினைப்பவன் எங்கிருந்தும் படிப்பான். தெருவிளக்கில் படித்து நீதிபதியானவர்கள் இல்லையா? சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயரைப் பற்றி இந்தக் கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. கதையை நான் மறுக்க வரவில்லை. அதில் சொல்லாமல் விடப்படுவதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தெருவிளக்கு தானாக எரிவதில்லை. ஊர்ப் பணத்தில் எண்ணெய் ஊற்றி ஒருவர் தினமும் ஏற்றிவைத்த விளக்கு அது. அளவில் சிறியதானாலும் திருமுக்கூடல் மண்டபத்தின் விளக்கும் அதுவும் ஒரே வகை. இன்னொன்று, தெருவிளக்கின் அடியில் இருக்கும் பையனை வீட்டு வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால் ஒருவர் வாசல் தாண்டி வர வேண்டும். அந்தத் தொலைவுதான் அவனுக்குக் கிடைத்த அறை. இந்தக் கதைகளில் பையன்கள் மட்டுமே வருவதற்கும் காரணம் இதுவே. இரவில் தெருவில் உட்கார்ந்து படித்த பெண்ணைப் பற்றி நம்மிடம் ஒரு கதையும் வழங்கவில்லை. மன்றோவின் 1,88,650 மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். எந்தப் பக்கத்திலிருந்தும், எந்த நேரத்திலும், யாரும் கூப்பிடலாம் என்ற நிலையில் வளர்க்கப்பட்டவர்களுக்குப் பிடித்த இடம் என்று ஒன்று எப்படி உருவாகும்? காஞ்சியின் மண்டபங்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கேள்வியை விடக் கூடாது. தூண் நிழலில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது சட்டத்தின் பலத்தோடு வந்தது 1947இல், சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை அந்த நிழலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபம் படிப்பதற்கு எவ்வளவு இதம் என்று சொல்வதில் என்ன பொருள்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஏட்டைப் பிடித்தால்தான் படிப்பா, தறி ஒரு பள்ளிக்கூடம் இல்லையா என்ற மறுப்பு. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிப் புணைப்பதை ஒரு முறை கிட்ட நின்று பார்த்தவருக்கு அது தெரியும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தட்டுப்படாத மெல்லியது, விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு சின்னப் பிடிப்பில் ஒன்றாகிறது. கோர்வையும் அப்படித்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும். இதை எழுத்தில் விளக்க எடுக்கும் முயற்சியே எழுத்தின் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஆனாலும் தறி பள்ளிக்கூடம் என்பதை ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. கோர்வையில் ஒரு பக்கக் கரையின் நாடாவைப் போட நெசவாளருக்கு அருகே இன்னொருவர் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் அந்த இன்னொருவர் ஒரு பிள்ளைதான். நாடா வரும்போது வாங்கி, திருப்பி, விட வேண்டும். அடுத்த வரிக்கு மறுபடியும். ஒரு கணம் கவனம் பிசகினால் பெரியவரின் கை நிற்கும். எழுந்து வா என்ற கூப்பாடு வேறிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் என்றால், இங்கே சில நொடிக்கு ஒரு முறை, சத்தமில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. தப்புக்கு விலையும் உண்டு. பட்டு கூட்டுறவுச் சங்கத்துடையது அல்லது முதலாளியுடையது. சேலையில் விழுந்த பிழை கூலியில் பிடிபடும். திண்ணைப் பிள்ளை மணலில் எழுதியதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினான். தப்பு செய்வதற்குச் செலவு இல்லாத பரப்பு அந்த மணல். கற்பவரின் பிழையைத் தாங்கிக்கொள்ளும் பொருள் இருக்கும் வரை தறியும் பள்ளிக்கூடம். பிழையைக் குடும்பத்தின் வாரக்கூலி தாங்க வேண்டுமென்றால் அது வேலை. கைத்திறனைக் கொண்டாடும் எழுத்துகளில் இந்த வேறுபாடு மங்கிப்போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சட்டமும் இந்த இடத்தில்தான் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தரப்பட்டது. பள்ளி நேரத்துக்குப் பிறகு என்பது எந்த நேரம்? வீட்டில் புத்தகத்தைத் திறக்கும் நேரம். பிடித்த இடத்தில் உட்கார்ந்து படிக்கும் நேரம். பள்ளி மணி அடிப்பது வரை சட்டம் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறது. மணி அடித்ததும் எழுந்து போய்விடுகிறது. இந்த ஊர் நெசவுக் குடும்பம் ஒன்றில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரையும் வீட்டு வருமானத்துக்காகப் பள்ளிப் படிப்பின் நடுவே காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு திரும்பி வந்து படித்தார் என்பதால் அது வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. திரும்ப முடியாதவர்களுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. அவர் பெயரால் சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நூலகத்தின் புத்தகத்தைத் தொடாதவருக்கு நூலகம் எதற்கு என்று நிர்வாகக் கணக்கில் கேட்கலாம். அங்கே வருகிறவர்கள் நாற்காலிக்காக வருகிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து மாலை வரை அவர்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். 2011இல் அந்த நூலகத்தையே இடம் மாற்றிவிட்டு, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்ததும், சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அப்போது எழுந்தது. எழுந்து வா என்று கூப்பிடுகிறவர்கள் எப்போதும் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பதினொன்றாம் நூற்றாண்டில் திருமுக்கூடல்காரர்கள் பள்ளியையும் ஆதுலர்சாலையையும் ஒரே கல்வெட்டில் அடுத்தடுத்து எழுதினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் முதலில் இருந்த உறுத்தல் தீரவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஒருவர் எழுப்பப்படாமல் இருக்க வேண்டுமென்றால், அவருக்குப் பதில் இன்னொருவர் எழுப்பப்படுகிறார். திருமுக்கூடலில் 60 பேர் உண்ட நெல் யாரோ குனிந்து நட்டது. அவர்கள் பெயர் அந்தச் சுவரில் இல்லை. நெசவு வீட்டில் தம்பி புத்தகத்தோடு வெளியே போய்விட்டால் கோர்வையின் மறுபக்கத்தில் அக்கா உட்காருவாள். அவளுக்குத் திருமணமானதும் அம்மா. இப்போது காஞ்சிபுரத்தில் கோர்வை குறைந்துவருவதைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறார்கள். கவலை நியாயமானது, 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பட்டின் உயிர் பாதி அந்தக் கரைச்சேர்ப்பில் இருக்கிறது. ஆனால் கோர்வைக்கு இரண்டாம் ஆள் கிடைப்பதில்லை என்ற வரியை அந்தக் கட்டுரைகள் ஏதோ பஞ்சத்தைப் போல எழுதும்போது மனம் ஒப்பவில்லை. கிடைக்காமல் போனவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே இருப்பதைக் குறையாக எண்ணாமல் கோர்வையைக் காப்பாற்ற ஒரு வழிதான் தெரிகிறது: ஒரு தறிக்கு வளர்ந்தவர்கள் இருவரின் முழுக்கூலியைச் சேலையின் விலையில் வைப்பது. சேலையை வாங்குகிறவர் கரையை விரலால் தடவிப் பார்த்து, இது கோர்வைதானா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கிறது. நெசவாளருக்கு அருகே இரண்டாவதாக உட்கார்ந்தது யார், அவருக்கு வயது என்ன, கூலி என்ன என்ற கேள்வியை இன்னும் யாரும் கேட்டுப் பழகவில்லை. அந்த இரண்டாவது கூலி வீட்டுக்குள் வந்து சேரும் வரை, தறிக்கு மேலே தொங்கும் விளக்கின் கீழ் ஒரு பிள்ளை கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு காதை நாடாவின் பக்கமே வைத்திருக்கும்.